கை வைத்த ஜீப்பை வாங்கலாமா?

பழைய வண்டி வாங்குவது பற்றி இதுவரை சொன்னதெல்லாம் கம்பெனியிலிருந்து வந்தபடியே ஓடிக்கொண்டிருக்கும் வண்டிக்குப் பொருந்தும். ஆல்ட்ரேஷன் செய்த வண்டி வேறு கணக்கு. அதில் இரண்டு பேருடைய வேலை இருக்கிறது. ஒன்று, தொழிற்சாலையில் கணக்குப் போட்டுச் செய்தது. மற்றது, ஏதோ ஒரு பட்டறையில் யாரோ ஒருவர் தன் ஆசைக்கும் அன்று கையிலிருந்த காசுக்கும் ஏற்பச் செய்துகொண்டது. பார்த்ததும் நம்மை மயக்குவது இரண்டாவது. பணம் கொடுக்க வேண்டியது முதலாவதுக்கு. இந்த அத்தியாயத்தில் வரும் ஒவ்வொரு சோதனையும் இந்தக் கணக்கிலிருந்துதான் பிறக்கிறது.

திருச்சிப் பக்கம் ஜீப்புக்குப் பதிலாக ஏ.டி.வி., அதாவது மேடுபள்ளமெல்லாம் ஓடும் குட்டி வண்டி, தேடுகிறவர்களும் உண்டு. தொட்டியம், முசிறி வட்டாரத்தில் வாழைத்தோட்டம் வைத்திருப்பவருக்கு, வாய்க்கால் கரையில் உரமூட்டையோடு போய்வர ஒரு சின்ன நாலு சக்கர வண்டி இருந்தால் நன்றாக இருக்கும் என்று தோன்றுவது நியாயமே. ரிசார்ட்டுகளில் ஓடிக் களைத்தவையும், கல்லூரி மாணவர்கள் போட்டிக்காகக் கட்டியவையும் அவ்வப்போது விலைக்கு வருகின்றன. அங்கே முதல் கேள்வி ஆர்.சி., அதாவது பதிவுச் சான்று, இருக்கிறதா என்பதுதான். 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 39ஆவது பிரிவுப்படி, பதிவு இல்லாத வண்டியைப் பொது இடத்தில் ஓட்டக் கூடாது. விற்பனைக்கு வரும் பெரும்பாலான ஏ.டி.வி.கள் சாலைப் பதிவுக்கென்று செய்யப்பட்டவை அல்ல. போலாரிஸ் நிறுவனம் டிராக்டர் வகையில் பதிவு செய்யத்தக்க மாதிரி ஒன்றை இந்தியாவில் விற்றிருக்கிறது, அது விதிவிலக்கு. உங்கள் தோட்டம் ஒரே வேலிக்குள் இருந்தால் ஆர்.சி. இல்லாததையும் யோசிக்கலாம். நடுவில் ஒரு ஊராட்சிச் சாலை குறுக்கிட்டாலும், ஒவ்வொரு முறையும் டெம்போவில் ஏற்றித்தான் அந்தப் பக்கம் கொண்டுபோக வேண்டும். அந்தத் தொல்லையை நினைத்துப் பார்த்த பிறகு, பெரும்பாலானவர்கள் கடைசியில் வந்து நிற்கும் இடம் ஜீப்.

ஜீப்பில் இத்தனை பேர் கை வைப்பதற்குக் காரணம் அதன் உடற்கட்டு. ஏணி போன்ற இரும்புச் சட்டம், அதன் மேல் போல்ட் போட்டு முறுக்கிய தகரக் கூடு, கீழே கமான் பட்டைகள். ஸ்பேனரும் வெல்டிங் செட்டும் உள்ள எந்தப் பட்டறையும் அதைப் பிரித்துச் சேர்க்கும். மகிந்திரா 1947இல் வில்லிஸ் ஜீப்பைப் பாகங்களாக இறக்கிப் பூட்டத் தொடங்கியதிலிருந்து, எண்பதுகளில் பெஜோ டீசல் இன்ஜினோடு வந்த எம்.எம். 540, அதன் பின் மேஜர், கமாண்டர், 2010இல் வந்த முதல் தார் வரைக்கும் இந்த அடிப்படை பெரிதாக மாறவில்லை. 1985இல் வந்த மாருதி ஜிப்ஸியும் இதே சட்டமும் பட்டையும் கொண்ட குடும்பம்தான். ஒன்றின் பாகத்தை இன்னொன்றில் மாட்டலாம், முப்பது வருஷ வண்டியையும் உயிரோடு வைத்திருக்கலாம். எனக்கு இந்த வண்டிகள் மேல் மதிப்பு வந்ததே இதனால்தான். ஆனால் இதே எளிமையால்தான் ஒரே ஜீப்பில் மூன்று வண்டிகளின் உறுப்புகள் ஒன்றாக இருக்க முடிகிறது, அது ஆர்.சி.யில் ஒரு வரிகூடப் பதிவாகாமல்.

எதற்கு என்று முதலில் முடிவு செய்யுங்கள்

காவிரிப் படுகைக்கும் பச்சைமலைக்கும் ஒரே ஜீப் பொருந்தாது. துறையூரிலிருந்து பச்சைமலை ஏறி டாப்செங்காட்டுப்பட்டிப் பக்கம் அடிக்கடி போகிறவருக்கு வேண்டியது நல்ல பிரேக், ஒழுங்கான லோ கியர், சரியாகத் திரும்பும் ஸ்டியரிங். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் அகல டயர் போட்ட ஜீப்பை ஓட்டினால் ஒரு உண்மை தெரியும். டயர் கமான் பட்டையில் உரசாமல் இருப்பதற்காக ஸ்டியரிங் ஸ்டாப்பரை வெளியே இழுத்து வைத்திருப்பார்கள். வண்டி முழுதாகத் திரும்பாது. வளைவுக்கு வளைவு ரிவர்ஸ் எடுக்க வேண்டிவரும். சேற்றிலும் மணலிலும் ஓட்டுகிறவருக்கு அகல டயர் உதவும். ஸ்ரீரங்கத்தின் உத்திர வீதியிலும் சித்திரை வீதியிலும் வீட்டு வாசலில் நிறுத்தி எடுக்கப்போகிறவருக்கு அது தினசரி வேதனை.

விற்கிறவர் செய்த மாற்றம் உங்கள் தேவைக்கு எதிரானதாக இருந்தால், அது எவ்வளவு அழகாக இருந்தாலும் உங்களுக்கு அது செலவுதான். தேவையை ஒரு தாளில் எழுதி, சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போங்கள். வண்டியைப் பார்த்த பிறகு எழுதினால் அந்த வண்டிக்கு ஏற்றபடிதான் கை எழுதும்.

காகிதம் பேசட்டும், பிறகு வண்டி

பொதுவாக எல்லோரும் வண்டியை ஓட்டிப் பார்த்துவிட்டு, மனம் இறங்கிய பிறகு ஆர்.சி.யைக் கேட்கிறார்கள். இந்த வரிசையை மாற்றுங்கள். போனிலேயே ஆர்.சி.யின் இரண்டு பக்கப் படத்தையும் கேளுங்கள். தராதவர் வீட்டுக்குப் பெட்ரோல் செலவழிக்க வேண்டாம்.

டி.என். 45 திருச்சி மேற்கு, 48 ஸ்ரீரங்கம், 81 திருச்சி கிழக்கு. இந்த எண்களில் உள்ள வண்டி என்றால் அதன் பழைய வரலாற்றை இங்கேயே விசாரித்துவிடலாம்; எந்தப் பட்டறையில் வேலை பார்த்தார்கள், எதற்கு ஓடியது என்பது நாலு பேருக்குத் தெரிந்திருக்கும். எம்பரிவாகன் செயலியில் எண்ணைப் போட்டால் பதிவு எதுவரை செல்லும், இன்சூரன்ஸ் இருக்கிறதா, கடன் பாக்கி இருக்கிறதா, கறுப்புப் பட்டியலில் இருக்கிறதா என்பது வரும். திருட்டு வண்டியா என்று பார்க்க, தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் வாகன் சமன்வய சேவை இருக்கிறது. காவிரி, கொள்ளிடக் கரையில் மணல் கடத்தலில் பிடிபட்ட வண்டிகள் நீதிமன்றம் வழியாக வெளியே வந்து கைமாறுவதும் நடக்கிறது. அதனால் வழக்கு நிலுவை ஏதும் உண்டா என்று விற்பவரிடம் நேராகக் கேட்டு, இல்லை என்பதை எழுத்திலும் வாங்கிக்கொள்ளுங்கள்.

அடுத்தது இந்த அத்தியாயத்தின் சட்டப் பகுதி. நீளம் என்று தாண்டிவிட வேண்டாம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவு, ஆர்.சி.யில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் சொன்ன அளவுகளிலிருந்து மாறும்படி வண்டியை உரிமையாளர் மாற்றக் கூடாது என்கிறது. கேரளத்திலிருந்து போன வழக்கு ஒன்றில் 2019 ஜனவரி 9 அன்று உச்ச நீதிமன்றம் இதை உறுதி செய்தது. அதே ஆண்டுத் திருத்தத்தில் வந்த 182ஏ பிரிவின்படி, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ உரிமையாளருக்குக் கிடைக்கலாம். ஒவ்வொரு மாற்றத்துக்கும் என்பதைக் கவனியுங்கள். மாற்றியது நானில்லை, முன்னால் வைத்திருந்தவர் என்ற பதில் சோதனைச் சாவடியில் எடுபடாது. வண்டி அன்று யார் பெயரில் இருக்கிறதோ அவர்தான் நிற்க வேண்டும்.

ஆகவே ஆர்.சி.யை ஒரு கையிலும் வண்டியை எதிரிலும் வைத்துக்கொண்டு வரி வரியாக ஒப்பிடுங்கள். இன்ஜின் எண், சேஸிஸ் எண், நிறம், இருக்கைகள், எரிபொருள், உடல் வகை. நிறம் மாறியிருந்தால் ஆர்.டி.ஓ.வில் பதிந்து சரிசெய்யலாம். இன்ஜின் மாறியிருந்து அது ஆர்.சி.யில் ஏறவில்லை என்றால் ஆபத்து பெரிது. எஃப்.சி.க்கு, அதாவது தகுதிச் சான்றுக்கு, போகும்போது வண்டி அங்கேயே நிற்கும். விபத்து நடந்தால் இன்சூரன்ஸ் கம்பெனி அந்த எண்ணைத்தான் முதலில் பார்க்கும். முன்னால் பூட்டிய இரும்புக் கொம்பு, அதாவது புல் பார், 2017 டிசம்பரிலேயே மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் அகற்றச் சொன்ன பொருள். நடந்து போகிறவர் மேல் மோதினால் அடி பெரிதாகும், காற்றுப்பையின் உணர்கருவியும் ஏமாறும். அதை நான் எந்த வண்டியிலும் விரும்புவதில்லை. வாங்கினால் அன்றே கழற்றி எடைக்குப் போடுங்கள்.

வெளிமாநில ஜீப்புகளுக்குத் தனி எச்சரிக்கை. அரியானாவின் மண்டி டப்வாலி, திறந்த ஜீப்புகளை வேண்டியபடி கட்டிக் கொடுப்பதில் இந்தியா முழுவதும் பெயர் பெற்ற ஊர். பளபளவென்று புதுசாக ஒரு ஜீப் லாரியில் ஏறித் திருச்சிக்கே வந்து இறங்கும். வண்டி புதுசு போல. காகிதம் மட்டும் எண்பதுகளின் ஏதோ ஒரு ஜீப்புடையது. பழைய ஆர்.சி.யின் சேஸிஸ் எண்ணைப் புதுச் சட்டத்தில் வெட்டியிருக்கிறார்களா என்று பார்க்க ஒரு எளிய வழி உண்டு. அந்த எண்ணின் மேல் காகிதம் வைத்துப் பென்சில் பிரின்ட் எடுங்கள். எழுத்துகளின் உயரமும் இடைவெளியும் ஒரே சீராக இருக்க வேண்டும், சுற்றியுள்ள இரும்பு கிரைண்டர் பட்டுப் பள்ளமாகக் கூடாது. பழைய ஆர்.டி.ஓ.வின் என்.ஓ.சி., அதாவது படிவம் 28, கையில் இல்லாமல் முன்பணம்கூடத் தர வேண்டாம். பின்னால் வாங்கித் தருகிறேன் என்று சொல்லப்பட்ட என்.ஓ.சி.க்காகக் காத்திருந்து தார்ப்பாய்க்கு அடியில் துருப்பிடிக்கும் ஜீப்புகள் ஊருக்கு ஒன்று இருக்கும். ராணுவ ஏலத்தில் எடுத்த ஜிப்ஸியும் அப்படித்தான். சிவிலியன் பதிவு முடிந்து ஆர்.சி. வந்ததை மட்டும் பாருங்கள், ஏலச் சீட்டோடு நிற்பதை விட்டுவிடுங்கள்.

வயதையும் கணக்கில் சேருங்கள். தனியார் வண்டியின் பதிவு 15 ஆண்டு. அதன் பிறகு ஐந்தைந்து ஆண்டாகப் புதுப்பிக்க வேண்டும். 15 ஆண்டு கடந்த காரின் புதுப்பிப்புக் கட்டணம் 2022 ஏப்ரலில் 5,000 ரூபாய் ஆனது. 20 ஆண்டு கடந்தவற்றுக்கு 2025 ஆகஸ்டில் 10,000 ஆக்கினார்கள். பசுமை வரி தனி. பணத்தைவிடப் பெரிய விஷயம், புதுப்பிக்கும் நாளில் மோட்டார் வாகன ஆய்வாளர் வண்டியைச் சுற்றி வருவார் என்பது. ஆறு மாதத்தில் புதுப்பிப்பு வரவிருக்கும் ஆல்ட்ரேஷன் வண்டியை விற்கிறவர் ஏன் இப்போது விற்கிறார் என்று யோசியுங்கள்.

வெல்டிங் படிக்கத் தெரிந்த ஊர்

காகிதம் தேறிவிட்டால் வண்டிக்கு அடியில் போங்கள். சட்டை அழுக்காகாமல் ஜீப் வாங்க முடியாது.

முதலில் இரும்புச் சட்டம். ஜீப்பை நீட்டுகிறார்கள், குறுக்குகிறார்கள், மேஜர் போன்ற இரு சக்கர இழுவை வண்டியின் சட்டத்தில் முன் அச்சின் ஹவுசிங்கை ஏற்றி ஃபோர் வீல் டிரைவ் ஆக்குகிறார்கள். எல்லாம் வெட்டி ஒட்டும் வேலை. சட்டத்தை நேர்க்கோட்டில் செங்குத்தாக வெட்டி, முனையோடு முனை ஒட்டி, கிரைண்டரால் வழித்துப் பெயின்ட் அடித்திருந்தால் அந்த வண்டியைப் பற்றி மேற்கொண்டு பேச வேண்டியதில்லை. சட்டத்தின் ரிவெட்டுகளைப் பாருங்கள். ரிவெட் இருக்க வேண்டிய இடத்தில் போல்ட் இருந்தால் அங்கே யாரோ பிரித்திருக்கிறார்கள். ஸ்டியரிங் பாக்ஸ் பூட்டிய இடம், கமான் பட்டையின் ஷேக்கிள் தொங்கும் இடம், ஷாக் அப்சார்பர் மேல்முனை ஆகிய மூன்றிலும்தான் ஜீப் சட்டம் முதலில் விரியும். பெரிய டயர் போட்ட வண்டியில் ஸ்டியரிங் பாக்ஸ் பக்கம் விரிசல் சீக்கிரமே வரும், அந்தச் சக்கரத்தைத் திருப்பும் பளு முழுக்க அந்தச் சின்ன இடத்தில் இறங்குகிறது.

திருச்சிக்காரர்களுக்கு இந்த விஷயத்தில் ஒரு கொடுப்பினை இருக்கிறது. அறுபதுகளில் பெல் என்னும் பாரத மிகுமின் நிறுவனம் இங்கே பாய்லர் செய்யத் தொடங்கியதிலிருந்து இது வெல்டர்களின் ஊர். உயர் அழுத்த நீராவியைத் தாங்கும் குழாய்களை ஒட்டுகிறவர்கள். பெல் வளாகத்திலேயே வெல்டிங் ஆராய்ச்சி நிறுவனம் ஒன்று எழுபதுகளில் தொடங்கப்பட்டது. திருவெறும்பூர், துவாக்குடி பக்கத்து ஃபேப்ரிகேஷன் பட்டறைகளில் வேலை செய்பவர்களுக்கு ஒட்டின் மேல்தோற்றத்தைப் பார்த்தே உள்ளே என்ன என்று பாதி தெரியும். பொன்மலைப் பணிமனையைச் சொல்லவே வேண்டாம். நீலகிரி மலை ரயிலுக்கு நீராவி இன்ஜினையே செய்து கொடுத்த இடம் அது. இவற்றில் எதிலிருந்தாவது ஓய்வு பெற்ற வெல்டரோ, இன்ஸ்பெக்ஷன் பிரிவில் இருந்தவரோ உங்கள் தெருவிலேயே இருப்பார். மெக்கானிக்கை அழைத்துப்போவது எல்லோரும் செய்வது. ஆல்ட்ரேஷன் ஜீப்புக்கு அந்த ஐயாவையும் அழைத்துப் போங்கள். மெக்கானிக் இன்ஜின் சத்தத்தைக் கேட்பார், இவர் சட்டத்தைப் படிப்பார்.

அவர் என்ன பார்ப்பார் என்று நீங்களும் தெரிந்துகொள்ளலாம். ஒட்டின் இரு ஓரத்திலும் தாய் இரும்பு அரிக்கப்பட்டுப் பள்ளம் விழுந்திருந்தால் அது அண்டர்கட். விரிசல் அங்கிருந்துதான் கிளம்பும். ஒட்டின் மேல் ஊசி குத்தினாற்போல் துளைகள் இருந்தால் ஈரமான ராடில், துருவைச் சுத்தம் செய்யாமல் ஒட்டியிருக்கிறார்கள். பளு தாங்கும் இடத்தில் 7018 போன்ற ராடால் ஒட்டியிருக்க வேண்டும்; கேட் கம்பிக்குப் போடும் சாதா ராடால் அவசரத்துக்கு ஒட்டியிருப்பதும் உண்டு. சந்தேகம் வந்தால் டி.பி. டெஸ்ட் செய்துவிடலாம். ஒட்டைச் சுத்தமாகத் துடைத்து, சிவப்புச் சாயத்தை அடித்து, பத்து நிமிஷம் விட்டு, துடைத்தெடுத்து, மேலே வெள்ளை டெவலப்பரை அடிப்பார்கள். விரிசல் இருந்தால் வெள்ளையில் சிவப்புக் கோடாக எழும். பாய்லர் வேலை செய்யும் பட்டறைகளில் அன்றாடம் நடக்கும் சோதனை இது. ஸ்பிரே டப்பாக்களும் கடையில் கிடைக்கும். விற்கிறவர் இதற்குச் சம்மதித்தால் அவர் வண்டியை நம்பி விற்கிறார் என்று பொருள். பெயின்ட் போய்விடும் என்று தயங்கினால், தொட்டுப் பூசும் செலவை நான் தருகிறேன் என்று சொல்லிப் பாருங்கள்.

உயர்த்திய வண்டி

சட்டத்துக்கு அடுத்தபடி உயரம். ஜீப்பைத் தூக்க மலிவான வழி நீளமான ஷேக்கிள் போடுவது. அடுத்தது, பட்டையை ஹவுசிங்குக்குக் கீழிருந்து மேலே மாற்றுவது. இரண்டிலும் சங்கிலியாகச் சில விளைவுகள் உண்டு. பிராப்பெல்லர் ஷாஃப்ட்டின் கோணம் கூடும், அதனால் கிராஸ் சீக்கிரம் தேயும், 60 கிலோமீட்டரில் தரை அதிரும். முன் ஹவுசிங் சற்றே முன்னோக்கிச் சுழன்று, ஸ்டியரிங் தானாக நேருக்குத் திரும்பும் குணத்தை இழக்கும். பிரேக் ஹோஸ் பழைய நீளத்திலேயே இருந்தால், சக்கரம் பள்ளத்தில் முழுதாகத் தொங்கும்போது அது இழுபடும். ஜாக்கி வைத்துத் தூக்கி, சக்கரம் தொங்கும் நிலையில் அந்த ஹோஸைக் கையால் தொட்டுப் பாருங்கள். வீணைத் தந்தி போல விறைத்திருந்தால், தூக்கியவருக்குத் தூக்க மட்டும்தான் தெரிந்திருக்கிறது.

விற்கிறவரிடம் இப்படிக் கேளுங்கள்.

"யாருண்ணே லிஃப்ட் பண்ணினது?"

"நம்ம பையன்தான் தம்பி, நல்லா பண்ணுவான்."

"எந்தப் பட்டறை? என்னென்ன மாத்தினாரு? பழைய ஷேக்கிள் இருக்கா?"

மூன்றாவது கேள்விதான் முக்கியம். கழற்றிய கம்பெனிப் பாகங்களைச் சாக்குப்பையில் கட்டி வைத்திருப்பவர் கவனமான ஆள். அவர் செய்த மற்ற வேலைகளிலும் அந்தக் கவனம் தெரியும். வண்டியை எப்போது வேண்டுமானாலும் பழையபடி ஆக்கலாம் என்பதும் உங்களுக்கு உறுதியாகும். எஃப்.சி. நாளில் அந்தச் சாக்குப்பைக்கு மதிப்பு வேறு.

டயர் பெரிதானால் மீட்டரும் பொய் சொல்லும். 28 அங்குல டயர் இருந்த இடத்தில் 31 அங்குலம் போட்டால், மீட்டர் 60 காட்டும்போது வண்டி 66இல் போகிறது. ஓடிய தூரமும் பத்தில் ஒரு பங்கு குறைவாகவே பதிவாகியிருக்கும். இன்ஜினும் கிளட்சும் அதே பழையவை. அவை சுமக்கும் பளு கூடியிருக்கிறது. கிளட்ச் நாற்றத்துக்கு மூக்கைத் தீட்டிக்கொள்ளுங்கள்.

ஃபோர் வீல் டிரைவ் வேலை செய்கிறதா என்று பார்க்க, தார்ச்சாலையில் லீவரைப் போட்டு வட்டமடித்துக் காட்டச் சொல்கிறார்கள். அது தவறு, காய்ந்த தார்ச்சாலையில் முன்பின் அச்சுகள் ஒன்றோடொன்று மல்லுக்கட்டி கியர்களை வதைக்கும். அதற்கு வீட்டு வாசலிலேயே ஒரு வழி உண்டு. பின்சக்கரங்களுக்குக் கல் வைத்து, இன்ஜினை அணைத்து, கியரை நியூட்ரலில் விட்டு, ஃபோர் வீலைப் போட்டு, முன்சக்கரம் ஒன்றை மட்டும் ஜாக்கியில் தூக்குங்கள். பூட்டும் ஹப் உள்ள வண்டியானால் அதையும் பூட்டுங்கள். கையால் சுழற்றினால் சக்கரம் சற்றே ஆடி நின்றுவிட வேண்டும். தங்குதடையின்றிச் சுற்றினால் ஹப்போ, உள்ளே ஷாஃப்ட்டோ, டிரான்ஸ்ஃபர் கேஸோ வேலை செய்யவில்லை. அடுத்த முன்சக்கரத்திலும் இதையே செய்யுங்கள். பிறகு மணல் தரையில் லோ போட்டு, ஆக்சிலரேட்டரைத் தொடாமல் ஊர்ந்து போகவிட்டுக் கேளுங்கள். கிரவுன் அழுதால் கேட்கும்.

ஓட்டிப் பார்க்கும் நாள்

காலையில் போங்கள், முன்பே சொல்லாமல் போவதானால் இன்னும் நல்லது. பானட்டைத் தொட்டுப் பாருங்கள், சூடாக இருந்தால் உங்களுக்காக முன்னமே ஸ்டார்ட் செய்து வைத்திருக்கிறார்கள். குளிர்ந்த டீசல் இன்ஜின் முதல் நிமிஷத்தில் விடும் புகை அதன் உடல்நிலையைச் சொல்லிவிடும். நீலம் என்றால் ஆயில் தின்கிறது. வெள்ளை விடாமல் வந்தால் கம்ப்ரஷனோ நாசிலோ பார்க்க வேண்டும், தண்ணீர் உள்ளே போகிறதா என்றும் பார்க்க வேண்டும். ஓடும் இன்ஜினில் ஆயில் மூடியைத் திறந்து மேலே வையுங்கள். மூடி துள்ளி விழுந்தால் இன்ஜின் வேலை வந்துவிட்டது.

ஒயரிங்கைப் பார்க்க மறக்காதீர்கள். கூரை விளக்கு, எல்.இ.டி. பட்டை, ஏர் ஹாரன் என்று ஒவ்வொன்றுக்கும் ஒருவர் ஒரு ஒயரை இழுத்திருப்பார். ஃபியூஸ் இல்லாமல் நேராக பேட்டரியிலிருந்து இழுத்த ஒயர் ஒன்றிருந்தாலும், மொத்த ஒயரிங்கையும் மாற்றும் செலவைக் கணக்கில் எழுதுங்கள். டீசல் டேங்குக்குப் பக்கத்தில் போகும் ஒயர் அது.

வெள்ளத்தில் நின்ற வண்டியைப் பற்றி ஸ்ரீரங்கம் தீவில் இருப்பவர்களுக்கு விளக்க வேண்டாம். 2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் பழைய கொள்ளிடம் இரும்புப் பாலத்தின் தூண்களே போயின. சென்னையின் 2015, 2023 வெள்ளங்களில் மூழ்கியவையும் கழுவித் துடைத்துத் தெற்கே வரக்கூடியவைதான். திறந்த ஜீப்பைத் தண்ணீரடித்துக் கழுவிவிட முடியும் என்பதால் கண்டுபிடிப்பது கடினம். சீட்டைத் தாங்கும் கம்பியின் அடிப்பக்கத் துரு, ஃபியூஸ் பெட்டிக்குள் மெல்லிய வண்டல், ஹவுசிங் ஆயிலின் பால் நிறம் ஆகியவற்றைப் பாருங்கள். வேண்டுமென்றே ஆற்றில் இறக்கி ஓட்டிய வண்டியிலும் இதே அடையாளங்கள் இருக்கும். ஆசைக்கு ஓட்டியதா, வெள்ளம் ஏறியதா என்று பேரிங்குக்குத் தெரியாது.

ஓட்டும் பாதையை நீங்களே முடிவு செய்யுங்கள். ஸ்ரீரங்கத்தில் பார்க்கிறீர்கள் என்றால், முதலில் உத்திர வீதி முனைகளில் முழுத் திருப்பம் திருப்புங்கள். டயர் உரசும் சத்தம் அங்கே தெரிந்துவிடும். பிறகு திருவானைக்காவல் ஒய் ரோடு வழியாக நம்பர் 1 டோல்கேட் தாண்டி சமயபுரம் நோக்கிப் பெருஞ்சாலையில் ஏறுங்கள். 50இலிருந்து 70க்குள் பாலத்து இணைப்பிலோ சின்னப் பள்ளத்திலோ விழுந்து எழும்போது ஸ்டியரிங் கையில் நிற்காமல் இடவலமாக உதறத் தொடங்கினால், மெதுவாக வேகத்தைக் குறைத்து ஓரம் கட்டுங்கள். கிங்பின், ஸ்டியரிங் எண்ட், லிஃப்டின் கோணம் எல்லாம் சேர்ந்து செய்யும் வேலை அது. அலைன்மென்ட் பண்ணினா சரியாயிடும் என்பார்கள். அந்தச் சொல்லுக்கு விலை கொடுக்காதீர்கள். ஆளில்லாத இடத்தில் 40இல் பிரேக்கை அழுத்தி வண்டி எந்தப் பக்கம் இழுக்கிறது என்று பாருங்கள். திரும்பும்போது மதிய வெயிலில் சத்திரம் பேருந்து நிலையப் பக்கத்து நெரிசலில் ஊர்ந்து வாருங்கள். திருச்சி வெயிலில் அந்தக் கால்மணி நேரத்தைச் சூடேறாமல் தாண்டும் ரேடியேட்டர் பச்சைமலையையும் தாண்டும்.

விலை

பேரத்தில் விற்கிறவர் அடுக்கும் பட்டியல் எப்போதும் ஒன்றுதான்: டயருக்கு இவ்வளவு, விஞ்சுக்கு இவ்வளவு, சீட்டுக்கு, பெயின்டுக்கு. அந்தப் பட்டியலைக் கேட்டுக்கொள்ளுங்கள், கூட்டாதீர்கள். உங்கள் கணக்கு வேறு இடத்தில் தொடங்க வேண்டும். அதே மாதிரி, அதே வருஷம், கை வைக்காத ஜீப் என்ன விலைக்குப் போகிறது என்று பழைய வண்டி விற்கும் நாலைந்து கன்சல்டிங் கடைகளில் விசாரியுங்கள். ஒரு பேச்சுக்கு அது மூன்று லட்சம் என்று வைத்துக்கொள்வோம். விற்கிறவர் நாலரை கேட்கிறார், ஒன்றரை லட்சத்துக்கு வேலை பார்த்தேன் என்கிறார். நீங்கள் மூன்றிலிருந்து கீழே இறங்குங்கள். ஒயரிங், பிரேக் ஹோஸ், ஸ்டியரிங் எண்டுகள், ஆர்.சி.யோடு பொருந்தாத பாகங்களைப் பழையபடி மாற்றும் செலவு, புதுப்பிப்புக் கட்டணம் எல்லாவற்றையும் மெக்கானிக்கிடம் கேட்டு எழுதிக் கழியுங்கள். அறுபதாயிரம் வந்தால் உங்கள் விலை இரண்டு நாற்பது. நல்ல டயர் பாதித் தேய்மானத்தில் இருந்தால் அதற்கு ஏதாவது சேர்க்கலாம். டயரைக் கழற்றி விற்க முடியும். பெயின்டைக் கழற்றி விற்க முடியாது.

இந்தக் கணக்குக்கு விற்கிறவர் கோபித்துக்கொள்வார். அவர் செலவழித்தது உண்மை; அதற்கு அவர் சந்தோஷமாக ஓட்டியும் இருக்கிறார். நாலரைக்கும் இரண்டு நாற்பதுக்கும் நடுவே சந்திக்க இடமில்லை என்றால் வணக்கம் சொல்லிவிட்டு வாருங்கள். ஒரே ஒரு இடத்தில் மட்டும் நான் கூடுதலாகக் கொடுக்கச் சொல்வேன்: மாற்றம் எல்லாம் போல்ட்டில் பூட்டியது, சட்டத்தில் ஒரு ஒட்டும் இல்லை, பழைய பாகங்கள் இருக்கின்றன, ஆர்.சி.யும் இன்ஜினும் பொருந்துகின்றன, பட்டறை பில்கள் இருக்கின்றன. அப்படிப்பட்ட ஜீப் கிடைப்பது அரிது, இருபதாயிரத்துக்காக அதை விட்டுவிடாதீர்கள்.

முடித்துவிட்டால் பணம் வங்கி வழியாகவே போகட்டும். படிவம் 29, 30 இரண்டிலும் கையெழுத்து வாங்குங்கள். கடன் இருந்த வண்டி என்றால் ஹெச்.பி. கேன்சலுக்கு வங்கியின் கையெழுத்தோடு படிவம் 35 வேண்டும். வாங்கியவர் 30 நாளுக்குள் ஆர்.டி.ஓ.வில் பெயர் மாற்றத்துக்குத் தர வேண்டும், இன்சூரன்ஸ் மாற்றத்துக்கு 14 நாள்தான். அந்த விண்ணப்பத்திலேயே வண்டியில் உள்ள மாற்றங்களை எழுதிக் கொடுங்கள். மறைத்துவிட்டுப் பிரீமியத்தில் மிச்சம் பிடித்தால், விபத்தில் அடிபட்ட ஜீப்பின் செலவு முழுக்க உங்கள் தலையில் விழும். பெயர் மாறி ஆர்.சி. கைக்கு வரும்வரை மலைப்பாதை வேண்டாம். அந்த நாட்களில் ஆயில்கள் அனைத்தையும் மாற்றி, யூ போல்ட்டுகளை ஒருமுறை முறுக்கி, நூறு கிலோமீட்டர் ஓட்டிய பின் மறுபடி முறுக்கிப் பாருங்கள்.